ஆளுக்கு மூன்று வாய்ப் பஞ்சு

காட்டு ஓரத்தில் ஒரு பெரிய இலுப்பை மரம். அதன் பொந்தில் வாலிப அணில்கள் பதினொரு பேர் கூட்டாகக் குடியிருந்தார்கள். கல்யாணம் ஆகிறவரை அங்கே வாசம், ஆனதும் தனி மரம். காலங்காலமாக இதுதான் வழக்கம். அப்படி வெளியே போனவர்களுக்குப் ‘பொந்து அண்ணன்கள்’ என்று பெயர்.

சாயங்காலம் ஆனால் போதும், பதினொரு பேரும் வாசலில் வரிசையாக நின்று அண்ணன்களின் பெயரைச் சொல்லி, “வாழ்க! வாழ்க!” என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்துவதோடு சரி. எந்த அண்ணன் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று ஒருத்தனாவது எட்டிப் பார்க்க வேண்டுமே? ம்ஹூம்!

அந்த வருஷம் ஆடிக்காற்றில் பொந்தின் மேல்பக்கம் பிளந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிந்தது! நாரும் பஞ்சும் பிசினும் சேர்த்துத் திணித்து அடைத்தாக வேண்டும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு கிடைக்கிற காலமோ எப்போதோ போய்விட்டது. சேர்த்து வைத்த வீடுகளில்தான் கிடைக்கும். அடைக்காமல் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குளிரிலேயே பாதிப் பேர் செத்துப்போவார்கள்.

வசூல் பொறுப்பு துள்ளானுக்கு. கெட்டிக்காரன் என்று அவனுக்கு அவனே பட்டம் கொடுத்துக்கொண்டவன். ஒரு மைனாவைப் பிடித்து வாசகம் சொல்லிக் கொடுத்தான்.

“அன்புள்ள அண்ணனே! நம் பொந்துக்கு உங்கள் பங்கு மூன்று வாய்ப் பஞ்சு! அமாவாசைக்குள் அனுப்பவும்! வாழ்க!”

மைனா எல்லா மரத்துக்கும் போய் இதையே ஒப்பித்தது. அமாவாசையும் வந்தது. ஒரு இழை பஞ்சுகூட வரவில்லை!

துள்ளானுக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. “இந்தப் பொந்தில் வளர்ந்தவங்கதானே? நேரா போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வர்றேன்!” என்று கிளம்பினான்.

முதலில் புளியமரத்து முறுக்கன் வீடு.

“அண்ணே, மைனா வந்துச்சா?”

“வந்துச்சே! போன வருஷமும் வந்துச்சு, உங்க பொந்து விழாவுக்குப் பஞ்சு வேணும்னு. அதுக்கு முந்தின வருஷமும் வந்துச்சு. என் கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிட்டேனே தம்பி, ஒருத்தனாச்சும் வந்தீங்களா?”

துள்ளான் திரும்பிப் போகப்பார்த்தான்.

“சரி, நெடுவாலனையாவது போய்ப் பாரு” என்றான் முறுக்கன். “அவன் சேதியே இல்ல.”

நெடுவாலன்! சாயங்காலக் கோஷத்தில் முதல் பெயரே அவருடையதுதான். ஒரு பாம்பையே வாலைச் சுழற்றி விரட்டியவராம். அவர் நிச்சயம் அள்ளிக் கொடுப்பார் என்று துள்ளான் தாவித் தாவி ஓடினான்.

அங்கே மரமே இல்லை! வெட்டின அடிக்கட்டை மட்டும் வெயிலில் கிடந்தது. பக்கத்து முள்வேலிக்குள் ஒரு பெண் அணில் இரண்டு குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் வேம்பி.

“நெடுவாலன் அண்ணனைப் பார்க்கணும். பொந்துலேர்ந்து வர்றேன்.”

வேம்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் அவர் சம்சாரம். அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு.”

“போயிட்டாரா? எங்கே?”

“செத்துப்போயிட்டாருப்பா!”

ஐயையோ! துள்ளான் வேலியிலிருந்து கீழே விழப்பார்த்தான். நேற்றுச் சாயங்காலம்கூட அவர் பெயருக்கு ‘வாழ்க’ போட்டானே!

“அவர் போன மூணாம் நாளே உங்க மைனா வந்துச்சு” என்றாள் வேம்பி. “‘அன்புள்ள அண்ணனே, விழாவுக்குப் பஞ்சு’ன்னு அந்தக் கட்டை மேல உட்கார்ந்து கத்துச்சு. எனக்கு அழக்கூடத் தோணல.”

“எங்களுக்குத் தெரியாதே அண்ணி! தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்போமே!”

“தெரியாதா? அவர் உங்ககிட்ட வந்தாரேப்பா!”

“எங்ககிட்டயா?”

“மரம் சாஞ்சப்ப கிளை விழுந்து அவர் வால் பாதி அறுந்துபோச்சு. அன்னிக்கே அடைமழை. ‘பொந்துல என் தம்பிங்க இருக்காங்க, ஒரு ராத்திரிக்கு இடம் கேட்டுட்டு வர்றேன்’னு போனார். ‘மொட்டைவால் திருட்டுப்பயலே, இது பொந்துக்காரங்க இடம்!’னு பேரைச் சொல்றதுக்குள்ள வாசல்ல ஒருத்தன் கடிச்சுத் துரத்திட்டானாம். நனைஞ்சு வந்து படுத்தவர் எந்திரிக்கவே இல்ல.”

அந்த மழை, அந்த மொட்டைவால், அந்தக் கெஞ்சல், எல்லாம் துள்ளானின் கண்முன்னே வந்து நின்றன. அன்றைக்கு வாசல் காவலில் இருந்தவன் அவன்தான்! தினமும் வாழ்த்திய பெயரின் முகம் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சொல்லாமல் ஓடிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கால் நகரவில்லை.

“அது... நான்தான் அண்ணி!”

வேம்பி குஞ்சுகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். கிழக்கே இடி இடித்தது. முதல் தூறல் குஞ்சுகளின் முதுகில் விழுந்தது.

அவள் கேட்டாள். “இப்ப என் பிள்ளைங்களுக்கு அங்கே இடம் இருக்கா?”

துள்ளான் ஒரு குஞ்சை வாயில் கவ்வினான். இன்னொன்றை வேம்பி கவ்வினாள். கொட்டுகிற மழையில் இருவரும் பொந்துக்கு வந்தார்கள். நடந்ததைத் துள்ளான் ஒளிக்காமல் சொன்னான். மற்ற பத்துப் பேரும் விறைத்துப்போய் நின்றார்கள். பொந்தில் நனையாத மூலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வேம்பிக்கும் குஞ்சுகளுக்கும் விட்டுவிட்டு, மற்றவர்கள் பிளவுக்குக் கீழே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து விடிய விடிய நடுங்கினார்கள்.

சேதி மரத்துக்கு மரம் பரவியது. மறுநாள் மழை சற்று விட்டதும் வாசலில் முறுக்கன் நின்றான். வாய் நிறையப் பஞ்சு! அவன் பின்னால் இன்னும் ஏழெட்டு அண்ணன்கள்.

“இப்ப நாங்க மைனாவை அனுப்பலையே அண்ணே!” என்றான் துள்ளான்.

“நெடுவாலன் பிள்ளைங்க உள்ள இருக்காங்களாமே! நகருடா, அடைக்கணும்!” என்றான் முறுக்கன்.

சாயங்காலத்துக்குள் பிளவு அடைபட்டது. பதினொரு பேரும் பிழைத்தார்கள். ஆனால் அன்றைக்குக் கோஷம் எழும்பவில்லை. துள்ளான் வேம்பியின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

உறவென்று சொல்லி ஒருவரிடம் உதவி கேட்பதற்கு முன்னால், அவர் உயிரோடு நலமாக இருக்கிறாரா என்று போய்ப் பார்ப்பதுதான் உறவு.