லிங்கதுரையின் முறைநாள்

தூத்துக்குடிக்குத் தெற்கே அடுத்தடுத்து இரண்டு சிறிய உப்பளங்கள். ஒன்று விதவை சேர்மக்கனியுடையது. மற்றது மனைவியை இழந்த லிங்கதுரையுடையது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு ஆள் கிடையாது.

கிணற்றிலிருந்து உவர்நீர் இறைக்கும் டீசல் எஞ்சின் இருவருக்கும் ஒரே கோடையில் படுத்துவிட்டது. லிங்கதுரையின் எஞ்சினில் பாடி விரிசல் விட்டிருந்தது. சேர்மக்கனியின் எஞ்சினில் கிராங்கும் பிஸ்டனும் தேய்ந்திருந்தன. புதுச் சாமான் வாங்க இருவருக்கும் வழியில்லை. மெக்கானிக் ஆசீர் இரண்டையும் பிரித்துப் பார்த்து, அவளுடைய எஞ்சின் பாடியில் அவருடைய கிராங்கையும் பிஸ்டனையும் பொருத்தி ஒரே எஞ்சினாக்கித் தந்தார். பொது வரப்பில் அதை நிறுத்தினார்கள். ஒருநாள் அவளுக்கு, மறுநாள் அவருக்கு. யாரும் தன் பங்கைக் கழற்றக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

வேறு பேச்சு அவர்களுக்குள் அதிகமில்லை. அவருடைய முறைநாளில் விடிந்ததும் எஞ்சின் சத்தம் கேட்கும். அண்ணாச்சி எழுந்துவிட்டார் என்று அவள் உலை வைப்பாள். ஒருநாள் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது லிங்கதுரை கொட்டகையில் இறந்து கிடந்தார்.

காரியம் முடிந்ததும், திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் குமரேசன் உப்பளத்துக்கு வந்தான். அப்பாவுடையது என்று எடுத்துப்போகக் கொட்டகையில் ஒன்றுமில்லை. எஞ்சினில் இருக்கும் அவர் பங்கையாவது கழற்றித் தரச் சொன்னான். கழற்றினால் இரண்டும் பழைய இரும்புதான் என்றார் ஆசீர். ஆள் போனபின் முறையும் போயிற்று, இனி எஞ்சின் முழுக்க சேர்மக்கனிக்கே என்றும் சொன்னார். அவள் இரண்டுக்கும் ஒப்பவில்லை.

"கழத்த விடமாட்டேன். ஆனா உங்கப்பா நாளு உன்னுதுதான். ஓட்டிக்கோ."

அவன் திருப்பூருக்கே திரும்பிப் போனான். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்மக்கனி எஞ்சினைத் தொடுவதில்லை. தினமும் நீர் விட்டால் கூடுதலாக உப்பு விளையும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் உப்பளத்தில் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

கழற்றித் தரக் கேட்ட மகன், எல்லாம் உனக்கே என்ற மெக்கானிக், ஓட்டாமல் விட்டிருக்கும் சேர்மக்கனி. நியாயம் யார் பக்கம்? உங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

விடை: எஞ்சின் ஒன்றானபோதே லிங்கதுரையின் இரும்பு அவருடைய நாளாக மாறிவிட்டது. இரும்பைத் திருப்பிக் கேட்க மகனுக்கு உரிமையில்லை. நாள் அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும். அதை இல்லையென்று சொல்ல ஆசீருக்கும் உரிமையில்லை. நியாயம் சேர்மக்கனி பக்கம்தான். குமரேசனுக்கு இது புரியச் சில மாதம் ஆயிற்று. ஒரு காலை போன் செய்தான். "இன்னைக்கு என் முறை அத்தை. எனக்காக நீங்களே ஓட்டுங்க." அவள் எஞ்சினை ஓட்டினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வெகுநேரம் அவன் போனை வைக்கவில்லை.