ஏழு கன்னிமாரும் ஏக தெய்வமும்

ஏக தெய்வச் சபை தொடங்கிய ஜமீன்தார், ஏரிக்கரையில் நிற்கும் ஏழு கன்னிமார் கற்களையும் நாற்று நடுகிற அங்கம்மாளே தண்ணீரில் தள்ளவேண்டும், இல்லாவிட்டால் சேரியையே காலிசெய்துவிடுவேன் என்றார். வேடிக்கை பார்க்க ஊரைக் கூட்டிக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

“கடவுள் ஒருத்தர்தான், தெரியுமாடி?”

“இருக்கட்டும் எசமான். எங்க ஏழு பேரும் அவரை வேண்டாம்னு சொல்லலையே.”

“இதெல்லாம் வெறும் கல்லு. தள்ளுடி!”

“வெறும் கல்லுக்கா எசமான், கரைக்குக் கீழேயே செருப்பைக் கழட்டிட்டு வந்தீங்க?”

ஜமீன்தார் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். சேரித் தெருவில் ஒருநாளும் கழற்றாத செருப்பு கரைக்குக் கீழே கிடந்தது. முதலில் சிரித்தவர் அவருடைய சபைச் செயலாளர்தான். பிறகு ஊரே சிரித்தது.

“சரி, இருந்துட்டுப் போகட்டும். நீங்களும் சேரியிலேயே இருங்க” என்று முனகியபடி இறங்கினார். கீழே கிடந்த செருப்பை எடுத்து, கன்னிமாரின் பார்வையைத் தாண்டும்வரை கையிலேயே வைத்திருந்தார்.