பதில் வராத ரத்தம்

"டாக்டர், அவங்களுக்குப் புரியவைக்க என்னால முடியாது" என்றார் குலசேகரன்.

ரெஜினா கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"உட்காருங்க சார்."

குலசேகரன் நகரத்து ஆய்வகம் ஒன்றில் மரபணு விஞ்ஞானி. தலை பாதி நரைத்துவிட்டது. மலையில் சின்ன மருத்துவமனை நடத்திவந்த ரெஜினா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் மலைமக்களிடம் பேசக் கற்றுக்கொள்ளத்தான் குலசேகரன் அவரிடம் வந்திருந்தார்.

வந்த காரியம் நல்ல காரியம். தேன்பாறை என்ற பழங்குடி ஊரில் ஒரு ரத்த நோய் இருந்தது. ரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும். பிள்ளைகள் வலியில் துடிப்பார்கள். ரத்தத்தைச் சோதித்து முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மருந்து கொடுத்துப் பிழைக்கவைக்கலாம்.

தேன்பாறையில் ஒருவரும் கையை நீட்டவில்லை.

"படம் காட்டினேன். பாசிமணி கோத்து மரபணுன்னா என்னன்னு காட்டினேன். ஒரு இங்கிலீஷ் வார்த்தை வராமப் பார்த்துக்கிட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க. டீ குடிச்சாங்க. எழுந்து போயிட்டாங்க."

"அவங்க உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"எனக்கா? ஒண்ணும் சொல்லலியே."

ரெஜினா அவருடைய பையை வாங்கினார். படங்களை எடுத்தார். பாசிமணிகளை எடுத்தார். எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"நாளைக்குப் போயிட்டு வாங்க" என்று வெறும் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"போய் என்ன பேச?"

ரெஜினா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

•

மறுநாள் குலசேகரன் தேன்பாறையில் ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். யாரும் கிட்டே வரவில்லை. ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

வெயில் சாய்ந்த பிறகு ஒரு பெண் வந்தார். பெயர் மருதி. தலையில் இருந்த விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லம்மா. நீங்க சொன்னா கேட்டுக்கலாம்னு வந்தேன்."

மருதி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நாங்க ரத்தம் குடுத்திருக்கமே. உங்களுக்கு முந்தியே ஆளுங்க வந்தாங்க, ஜீப்புல. எங்க வீட்லயும் இன்னும் சில வீடுகள்லயும் எடுத்தாங்க. என் பெரியவன் அப்ப மடியில இருந்தான். அழுதான். பிஸ்கட்டு குடுத்தாங்க. என்ன இருக்குன்னு வந்து சொல்றோம்னாங்க."

"வந்தாங்களா?"

"வரல."

"பையன் இப்ப என்ன பண்றான்?"

"அடுத்த மழைக்கு அவன் இல்ல. கையும் காலும் வலிக்குதுன்னு ரெண்டு நாள் கத்தினான். அவ்வளவுதான்."

விறகில் துருத்திய சுள்ளி ஒன்றை மருதி உள்ளே தள்ளினார்.

"இப்ப மக சௌமியாவுக்கும் அப்பப்பக் கால் வலிக்குது. அவ ரத்தத்தையும் குடுக்கச் சொல்றீங்க" என்றார் மருதி. "முதல்ல குடுத்தது என்ன சொல்லிச்சுன்னே இன்னும் தெரியல."

விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

•

"அந்த ஜீப்புல வந்தது நாங்க இல்ல டாக்டர். வேற யாரோ" என்றார் குலசேகரன்.

"சரி."

"சத்தியமா எங்க ஆட்கள் இல்ல."

"அந்த ரத்தம் இப்ப எங்க இருக்கு சார்?"

குலசேகரன் பையை எடுத்துக்கொண்டார். 

அதைத் தேடி அன்றைக்கே மலையிறங்கினார்.

ஆராய்ச்சிக்காரர் உலகத்தில் ஒருவரைப் பிடித்தால் இன்னொருவர் வருவார். கேட்டுக்கேட்டுப் போனார். சிலர் போனை வைத்துவிட்டார்கள். சிலர், செத்த பாம்பை ஏன் அடிக்கிறீர் என்பதுபோலப் பேசினார்கள். கடைசியில் வெளியூர் ஆய்வகம் ஒன்றில், உறைபெட்டியின் அடித்தட்டில், தேன்பாறையின் ரத்தம் இருந்தது. குப்பிகளில் பெயர்கள் அழியாமல் இருந்தன. சோதனையும் எப்போதோ முடிந்திருந்தது. அதை வைத்து ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார். ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

குலசேகரன் மலையேறி வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது.

"கிடைச்சிடுச்சு டாக்டர். அந்தப் பையனுக்கு நோய் இருந்திருக்கு. அப்பவே சொல்லியிருந்தா மருந்து குடுத்திருக்கலாம். இதை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது? ஆறின புண்ணு. பேசாம விட்டுடலாமா? நீங்க சொல்ற மாதிரி செய்யறேன்."

"என்னைக் கேட்டா?"

"நீங்கதானே எனக்கு..."

"அது உங்க சேதியும் இல்ல, என் சேதியும் இல்ல சார்" என்றார் ரெஜினா. "அதுக்குச் சொந்தக்காரங்க மேல தேன்பாறையில இருக்காங்க."

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

•

மருதி, அவர் கணவர் நஞ்சன், மகள் சௌமியா மூவரும் வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்தார்கள். மருதியின் தம்பி காடன் வாசலில் நின்றார். அவருக்கு வந்தவர்களைப் பிடிக்கவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

குலசேகரன் தரையில் உட்கார்ந்தார். மனப்பாடம் செய்துவந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"அம்மா, பெரியவன் ரத்தத்தைப் பார்த்துட்டு வந்தேன்."

மருதியின் கை மகளின் கையைப் பிடித்துக்கொண்டது.

"உங்ககிட்ட இந்த நோய்ல ஒரு பாதி இருக்கு. ஐயாகிட்ட ஒரு பாதி இருக்கு. பாதி இருந்தா ஒண்ணும் செய்யாது. அதான் உங்க ரெண்டு பேருக்கும் தெரியல. பையனுக்கு ரெண்டு பாதியும் வந்து சேர்ந்துடுச்சு. அந்த வலி அதனால வந்தது."



"அப்ப" என்றார் மருதி, "கிழங்கு இல்லையா?"

குலசேகரனுக்குப் புரியவில்லை. நஞ்சன் தலையைக் குனிந்துகொண்டார்.

"முதநாள் காட்டுக் கிழங்கு வேகவச்சுக் குடுத்தேன். சரியா வேகலியோ, நஞ்சோன்னு... ஊர்லயும் அப்படித்தான் பேசினாங்க. நான் குடுத்துத்தான் புள்ள போயிட்டான்னு..."

மரபணு எப்படிப் பிரியும், எப்படிச் சேரும் என்று விளக்கக் குலசேகரன் வாயெடுத்தார். ரெஜினா அவர் முழங்கையை லேசாகத் தொட்டார்.

குலசேகரன் நிறுத்திக்கொண்டார்.

"கிழங்கு இல்லம்மா" என்றார். "நீங்க குடுத்த எதுவும் இல்ல. யாரும் எதுவும் செய்யல."

மருதி அழுதார். சத்தமில்லாமல், வெகுநேரம் அழுதார். நஞ்சன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாங்க அப்பவே வந்து சொல்லியிருக்கணும்" என்றார் குலசேகரன். 'நாங்க' என்ற சொல் தானாக வந்தது. "மன்னிச்சிடுங்க."

மருதி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"தேடிக் கொண்டாந்து குடுத்தீங்களே சார். இல்லாட்டி நான் இப்படியே போய்ச் சேர்ந்திருப்பேன்."

பிறகு மகளைப் பார்த்தார். சௌமியா தானே கையை நீட்டினாள்.

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். மருதி வாசலுக்குப் போய் அவர்களிடம் சொன்னார்: "எங்க ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி இருந்துச்சாம். புள்ளைக்கு ரெண்டும் போயிருச்சாம். கிழங்கு இல்லையாம். வாங்க, நீங்களும் பாத்துக்கங்க."

குலசேகரன் அதைக் கேட்டபடி நின்றார். அதில் திருத்த ஒன்றுமில்லை.

சிலர் வந்தார்கள். சிலர் வரவில்லை. கடைசியாகக் காடன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"எப்ப வந்து சொல்லுவீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"ஜீப்பு ஆளுங்களும் கிழமை சொன்னாங்க" என்றார் காடன். கையை மட்டும் நீட்டினார்.

•

வெள்ளிக்கிழமை பாதையில் மண் சரிந்துவிட்டது. வண்டி பாதி வழியில் நின்றது. ரெஜினாவும் குலசேகரனும் நடந்தார்கள். குலசேகரனின் செருப்பு சேற்றில் அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.

முதலில் மருதி வீடு.

"சௌமியாவுக்கு நோய் இருக்கும்மா. ஆனா அண்ணனுக்கு இருந்த மாதிரி கடுமையா இல்ல. மாத்திரை கொண்டுவந்திருக்கோம். இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

மருதி மாத்திரையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதைக் கொடுத்த குலசேகரனின் கையையும் ஒரு நிமிடம் விடாமல் பிடித்திருந்தார். மாத்திரையை எப்போது, எப்படித் தர வேண்டும் என்று ரெஜினா சௌமியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குலசேகரன் எதிர் வீட்டுக்குப் போனார். காடன் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். நனைந்து, காலெல்லாம் சேறாக நின்ற மனிதரைப் பார்த்தார்.

"என்ன சார்?"

"உங்க ரத்தத்துல ஒண்ணும் இல்ல. பாதிகூட இல்ல. நல்லா இருக்கீங்க."



"ஒண்ணும் இல்லேன்னு சொல்லவா இந்த மழையில ஏறி வந்தீங்க?"

"ஆமாங்க."

காடன் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த மணைப் பலகையை அடுப்போரம் நகர்த்திப் போட்டார்.

"இப்படி வந்து காலை உணத்துங்க" என்றார். "மேலூர்ல எங்க சனம் இருக்கு. ரத்தம் பாக்கப் போய்க் கூட்டியாறேன்."