கஸ்பார் அண்ணாச்சிக்கு எதுக்குக் கோட்டு?

டொம். டொம். டொம்.

கதவுக்குள்ளிருந்து மூன்று தட்டு. தூத்துக்குடியில் இறாலை உறைய வைத்துக் கப்பலேற்றும் எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆட்கள் வெளியே வருகிறோம், திற. உள்ளே மைனஸ் இருபது. வெளியே அக்கினி நட்சத்திரம். நடுவில் அரையடித் தடிமனில் ஒரு கதவு, அதற்குக் காவலாக ஓர் ஆள். அந்த வேளைக்கு அந்த ஆள் நான்.

கைப்பிடியை இழுத்துத் திறந்தேன். வெள்ளைப் புகை குப்பென்று வந்தது. புகைக்குள்ளிருந்து முதலில் ஒரு மீசை, மீசையெல்லாம் பனி. அப்புறம் ஒரு மங்கி குல்லா. அப்புறம்தான் முழு கஸ்பார் அண்ணாச்சி.

“என்னலே பொன்ராசு, உள்ள ஒரே புழுக்கமா இருக்கு,” என்றார்.

வயது ஐம்பத்தாறு. பெட்டி அடுக்கும் எங்கள் ஆறு பேரில் மூத்தவர். அவர் கோட்டில் ஜிப் போய் இரண்டு வருஷமாகிறது; வலைக்கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார். இருபது நிமிஷம் உள்ளே, பத்து நிமிஷம் வெளியே என்பது எங்கள் கணக்கு. அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சுக்குக் காப்பி உண்டு, அண்ணாச்சியின் கப்பல் கதையும் உண்டு. எது அதிகக் காரம் என்று இதுவரை முடிவாகவில்லை.

அன்றைக்கு ஸ்டோர் பார்க்கும் ஜெபராணி அக்கா காப்பிக் கேனோடு ஒரு மூட்டையும் தூக்கி வந்தார்.

“புதுக் கோட்டு வந்தாச்சு. பழசைக் கழட்டிப் போடுங்க, திருப்பி எடுக்கச் சொல்லியிருக்காங்க.”

கழற்றிப் போட்டோம். அக்கா பேர் சொல்லிச் சொல்லி எடுத்துக் கொடுத்தார். இசக்கிமுத்து. தொம்மை. வேம்பாரிலிருந்து வரும் அண்ணன் தம்பி இரண்டு பேர். பொன்ராசு. அத்தோடு மூட்டை காலி.

“எனக்கு?” என்றார் அண்ணாச்சி.

“உங்களுக்கு எதுக்கு? போன மாசம் அளவெடுக்க வந்தப்ப மேனேஜர் முன்னாடி நீங்கதான சொன்னீங்க, ‘எனக்கு என்ன குளிரா, அஞ்சு போதும், சின்னப் பயலுவளுக்குக் குடு’ன்னு. அஞ்சுன்னே எழுதிட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. கோட்டு இல்லாதவன் உள்ளே போகக் கூடாது, அது சட்டம். உள்ளே போகாதவனுக்குக் கதவுதான். முறை வைத்துக் கதவில் நிற்பது வேறு, ஒருவனை நிரந்தரமாக அங்கே நிறுத்துவது வேறு. இதற்கு முன்னால் அப்படி நிறுத்தப்பட்ட மூன்று பேரையும் அடுத்த மாசமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரி, ‘குளிருதும்மா, எனக்கும் ஒண்ணு எழுது’ என்று கேட்கலாமே என்றால், குளிருகிறது என்று வாய்விட்டுச் சொன்னவனுக்கும் அதே கதவுதான்.

அண்ணாச்சி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திரும்ப உள்ளே போக இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

“கேக்கியா ஜெபராணி. கோட்டு வேண்டாம்னு சொன்னது வாஸ்தவம். ஆனா யோசிக்காமச் சொல்லிட்டேன். எனக்குக் குளிராது. அதுலதான் ஆபத்தே இருக்கு.”

“குளிராததுல என்ன அண்ணாச்சி ஆபத்து?” என்றான் இசக்கி. கழுத்து வரை ஜிப்பை ஏற்றிக்கொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நின்றான். அண்ணாச்சி வாயைத் திறந்தாலே குறுக்கே விழுவது அவன் வழக்கம்.

“நான் வடக்குக் கடலுக்குக் கப்பல்ல போன கதை தெரியும்லா?”

“பதினாறு தடவை சொல்லியிருக்கிய.”

“பதினேழாவதுதான் முழுசு. அந்த ஊர்க்காரன் குளிருக்குப் பழகுத விதமே வேறலே. பச்சப் பிள்ளைய வண்டியில படுக்க வச்சி, வெளிய பனியில தூங்கப் போட்டுட்டு, ஆத்தாக்காரி உள்ள உக்காந்து காப்பி குடிப்பா. பிள்ளை கன்னம் செவந்துபோய் சொகமாத் தூங்கும்.”

“ஐயையோ, போதும்!” தொம்மை சிலுவை போட்டுக்கொண்டான். “எந்தத் தாயாவது செய்வாளா?”

“புளுகுக்கும் ஒரு அளவு வேணும்,” என்றான் இசக்கி.

அண்ணாச்சி முகம் வாடிவிட்டது. “ஏல, அது ஒண்ணுதாம்லே நெசம்.” உண்மை விலை போகாது என்று தெரிந்ததும் சட்டென்று வண்டியைத் திருப்பினார். “சரி, அத விடு. எங்க கப்பல் அடுக்களையில புகைபோக்கி இருந்துச்சுல்லா? புகை வெளிய வந்த இடத்துலயே கட்டியாயிரும். பனைமரம் கணக்கா நிக்கும். காலையில ரம்பம் போட்டு அதை அறுக்கது என் வேலை.”

“அறுத்த புகையை என்ன செஞ்சிய?”

“பாய்மாதிரி சுத்தியா வைக்க முடியும்? வெறகாட்டம் அடுக்கித்தான் வச்சோம். எட்டு நாள் கழிச்சி வெயில் உள்ள துறைமுகத்துக்கு வந்தோம் பாரு, அம்புட்டும் ஒரே நேரத்துல உருகிட்டு. எட்டு நாள் தாளிச்ச வாசனை! சுங்கக்காரன் எச்சி முழுங்கி முழுங்கி, முத்திரை குத்த மறந்துட்டான்.”

வேம்பார் அண்ணன் தம்பி சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்குத் தெம்பு வந்தது.

“புகையே அப்படின்னா நிழலு? நிழல் தளத்துல ஒட்டிக்கிடும். அசையாம நிக்கப்படாது. ஒரு நாள் கடலைப் பாத்துக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னுட்டேன். நான் வந்துட்டேன், நிழல் வரல. வெந்நி ஊத்தி, கடப்பாரை போட்டுப் பெயர்த்தோம். அவசரத்துல இடது காது அங்கயே போயிட்டு. வேணும்னா பாரு.”

பார்த்தோம். வெயிலில் அவர் நிழல் மொழுக்கென்று கிடந்தது.

“குல்லா போட்டா எவன் நிழலுக்குக் காது இருக்கும்?” என்றான் இசக்கி.

“பாத்தியா, இடது காது இல்லன்னு நீயே ஒத்துக்கிட்ட.”

“நாலு நிமிஷம்தான் இருக்கு,” என்றார் அக்கா, கடிகாரத்தைப் பார்த்து. கையில் சின்னப் பெயின்ட் டப்பாவும் பிரஷும் வைத்திருந்தார். கோட்டு முதுகில் பேர் எழுதுவதற்கு. எங்களில் ஒருவன் கோட்டை இன்னொருவன் போடமாட்டான். போட்டால் அவனுக்கு வர வேண்டிய குளிரும் நமக்கே வரும் என்று ஒரு பயம்.

அண்ணாச்சி வேகம் கூட்டினார்.

“கனவும் உறைஞ்சிரும், தெரியுமா? நாலு மாசமும் எனக்கு ஒரே கனவு. வீட்டுல சாப்பிட உக்காந்திருக்கேன். எம் பொண்டாட்டி அகப்பையில மீன் கொழம்பை அள்ளிக் கையைத் தூக்குதா. அத்தோட நின்னுட்டு. தினமும் ராத்திரி போறேன், இலை இருக்கு, சோறு இருக்கு, அகப்பை மேலேயே இருக்கு. எறங்கல. நாலு மாசம் வெறுஞ்சோத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

அகப்பை எங்கள் தலைக்கு மேலும் கொஞ்ச நேரம் நின்றது.

“பொறவு எறங்குச்சா?” என்று நான்தான் கேட்டேன்.

“ஊருக்கு வந்தப்பதான் எறங்குச்சு. நெத்திலிக் கொழம்பு. ஆறிப்போயிருந்துச்சு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “விஷயத்துக்கு வாறேன். ஒரு நாள் குளிர் தாங்காம கேப்டனுக்கு உசிரு போகப் போவுது. டாக்டரு சொல்லுதாரு, ‘கப்பல்ல உள்ள குளிரை எவனாவது உள்ளுக்கு வாங்கிக்கிட்டாத்தான் ஆள் பொழைப்பாரு’ன்னு. எவனும் முன்னால வரல. நான் வாயைத் தொறந்து ஒரே இழுப்பு இழுத்தேன். முனையிலேருந்து வால் வரைக்கும் கப்பல் கதகதன்னு ஆயிட்டு. கேப்டன் எந்திரிச்சி விசிறி கேட்டாரு. அந்தக் குளிரு பதினோரு வருஷமா இங்கதான் இருக்கு.” விலாவுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். “எங்க வீட்டுல ஃப்ரிட்ஜே கெடையாது. பாலுச் சட்டியை எம் பக்கத்துல வச்சிட்டு அவ தூங்கப் போயிருவா. இப்பச் சொல்லு ஜெபராணி. கோட்டு எனக்கு இல்லம்மா, உள்ள இருக்க குளிருக்கு மூடி. மூடி இல்லாம நான் அந்த ரூமுக்குள்ள போனேன்னு வையி, ரெண்டு குளிரும் ஒண்ணாச் சேரும். ஒரு இறாலு மிஞ்சாது, அம்புட்டும் வெடிச்சிரும். கம்பெனி நல்லதுக்குத்தான் கேக்கேன்.”

நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களுக்கே கொஞ்சம் நியாயமாகப் பட்டது.

அக்கா பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். “மூணாம் ரூம்ல காலையிலேருந்து கம்ப்ரசர் ஓடல. மெக்கானிக் மதுரையிலேருந்து வரணும். மூடியைப் போடாம அங்க போய் நடுவுல உக்காருங்க அண்ணாச்சி. எழுநூறு பெட்டி உங்கள நம்பி இருக்கு.”

சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரிக்கப் பார்த்தார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். அது பல்லில் பட்டுக் கடகடவென்று அடித்தது. தார் உருகும் வெயிலில், காப்பிச் சூட்டில், அது நிற்கவே இல்லை. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம்.

இசக்கி ஜிப்பை இறக்கினான்.

“அக்கா, அடுத்து கதவு யாரு?”

“தொம்மை.”

“நான் நிக்கேன். இவரு மூடி இல்லாமப் போயி இறாலு வெடிச்சா, அதைப் பொறுக்கப் போறது யாரு? நாமதான.” கோட்டைக் கழற்றி அண்ணாச்சி மடியில் போட்டான். “போடும்வே.”

“உன் பேரை எழுதணுமேப்பா,” என்றார் அக்கா.

“எதுலயும் எழுதாதிய. ஆறு பேரு, அஞ்சு கோட்டு. ஒருத்தன் எப்பவும் வெளியதான நிக்கான்?”

அக்கா எங்களைப் பார்த்தார். தொம்மை தலையை ஆட்டினான். எல்லோரும் ஆட்டினோம். அவர் பெயின்ட் டப்பாவை மூடிவிட்டார்.

அண்ணாச்சி எழுந்து கோட்டை மாட்டினார். இசக்கியின் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்திருக்கும். ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றிவிட்டு, தோளைக் குலுக்கிப் பார்த்தார். பல் அடிப்பது மெதுவாக நின்றது.

“இசக்கி.”

“என்ன?”

“இதுவாலே உன் குளிரு? இதுக்கா இம்புட்டு நாளு நடுங்குன? எங்க கப்பல்ல இதை விசிறிக்குப் பதிலா வச்சிருந்தோம்.”

இசக்கி கதவைத் திறந்து பிடித்தான். உள்ளே போனோம். கதவு பின்னால் மூடியது. அண்ணாச்சி முதல் பெட்டியைத் தூக்கி, லேபிள் வெளியே தெரியும்படி திருப்பி, அடுக்கில் வைத்தார்.