பெயர் முடியும் இடம்

ஓர் ஊரில் ஒரு பெரிய மருத்துவமனை. அதன் கம்ப்யூட்டருக்குள் ஒரு பெயரேடு. டாக்டர் முதல் தோட்டக்காரர் வரை நாலாயிரம் பேருக்கும் ஆளுக்கொரு பதிவு அதில் குடியிருந்தது. வெளியிலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கேட்டால், அந்தப் பதிவு தன்னிடமுள்ள போன் நம்பரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவற்றில் ஆம்புலன்ஸ் டிரைவர் இசக்கிமுத்துவின் பதிவுக்குக் கொஞ்சம் தலைக்கனம். நாலாயிரம் பேரில் இசக்கிமுத்து என்றால் தான் ஒருவனே என்று சொல்லிச் சொல்லி, அக்கம்பக்கத்துப் பதிவுகளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஒருநாள் காலையில் சேதி வந்தது. ரத்தப் பரிசோதனைப் பிரிவில் புதிதாக ஓர் இசக்கிமுத்து குடியேறியிருக்கிறானாம்.

டிரைவர் பிரிவு இசக்கிமுத்துவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போன மாதம் டிரைவர் பிரிவுக்கு இரண்டாவதாக ஒரு சுடலைமணி வந்தபோது, ஒரே வீட்டில் ஒரே பெயருக்கு இரண்டு பேர் கூடாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சட்டம் பெயரேடு முழுவதற்கும்தான் என்று இவன் எண்ணிக்கொண்டான். இருவரில் ஒருவனை அழித்துவிடுவார்கள். பழையவன் என்று தன்னைத்தான் அழிப்பார்கள்.

பெயரேடு ஒரு மரம் மாதிரி, ஆனால் எல்லாம் தலைகீழ். கிளைகள் கீழே, வேர் மேலே. வேரிடமே முறையிடுவது என்று முடிவு செய்து, எந்தப் பதிவும் செய்யாத காரியமாக, இருந்த இடத்தை விட்டு ஏறினான்.

முதலில் டிரைவர் பிரிவு எதிர்ப்பட்டது. மரியாதைக்கு முழுப்பெயரைக் கேட்டு வைத்தான். "டிரைவர் பிரிவு, தென்காசிக் கிளை, மருத்துவமனை" என்றது. அதற்கும் மேலே ஓர் ஊர் அளவுக்குப் பரந்து கிடந்த தென்காசிக் கிளை, "தென்காசிக் கிளை, மருத்துவமனை" என்றதோடு முடித்துக்கொண்டது. நாலாயிரம் பேரையும் தாங்கிக்கொண்டிருந்த மருத்துவமனையோ ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டது.

ஆள் பெரிதாகப் பெரிதாகப் பெயர் சுருங்கிக்கொண்டே போனது. இசக்கிமுத்து இன்னும் மேலே ஏறினான்.

எல்லாவற்றுக்கும் மேலே வேர் இருந்தது. அங்கே பெயர்ப்பலகையே இல்லை.

வேர்தான் முதலில் கேட்டது. "உன் பேரைச் சொல்லுப்பா."

"இசக்கிமுத்து, ஐயா."

"அது வீட்டுக்குள்ள கூப்பிடுற பேரு. முழுசாச் சொல்லு."

"இசக்கிமுத்து, டிரைவர் பிரிவு, தென்காசிக் கிளை, மருத்துவமனை."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லையே, ஐயா."

"அங்கதான் நான் இருக்கேன்."

இசக்கிமுத்து குனிந்து பார்த்தான். நாலாயிரம் பெயர்கள் கீழிருந்து ஏறி வந்தன. முழுசாகப் பார்த்தால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஆனால் எல்லாம் வந்து முடிந்தது இந்தப் பேரில்லாத இடத்தில்தான். பரிசோதனைப் பிரிவுக்காரன் பெயரும் அப்படித்தான் வந்து முடிந்தது. நடுவே ஒரே ஒரு சொல்தான் வேறு. அவனுக்காக யாரும் இவனை அழிக்க வேண்டியதில்லை. பயம் போன இடத்தில் ஒரு பெரிய பிரமிப்பு வந்து உட்கார்ந்தது.

அப்போது கடையநல்லூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. டெலிபோன் ஆபரேட்டர் ஜெபக்கனி அவசரமாக இசக்கிமுத்துவின் முழுப்பெயரைத் தட்டினாள். பெயரைக் கடைசியிலிருந்து படித்தபடி அழைப்பு இறங்கத் தொடங்கியது. மருத்துவமனை, தென்காசிக் கிளை, டிரைவர் பிரிவு. அதற்கடுத்த வீட்டில் ஆள் இல்லை. ஆள்தான் மேலே நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறானே.

"ஓடுப்பா," என்றது வேர். "உன் இடத்துல நீ இருந்தாத்தான் அது உன் பேரு. அந்த இன்னொரு இசக்கிமுத்துவால உனக்காகப் பதில் சொல்ல முடியாது."

இசக்கிமுத்து இறங்கவில்லை, விழுந்தான். அழைப்பு கதவைத் தட்டவும் இவன் உள்ளே வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மூச்சு வாங்க நம்பரைச் சொன்னான். சற்று நேரத்தில் வெளியே வண்டியின் சைரன் கேட்டது.

மத்தியானம் பரிசோதனைப் பிரிவுக்காரன் கூச்சத்தோடு கூப்பிட்டான். "அண்ணாச்சி, நீங்களும் இசக்கிமுத்துதானாமே?"

இவன் நிதானமாகத் தன் முழுப்பெயரைச் சொன்னான். மருத்துவமனை என்றதும் வேர் இருக்கும் பக்கம் அண்ணாந்து பார்த்தபடி பேசாமல் இருந்தான்.

"என்ன அண்ணாச்சி, நிறுத்திட்டீங்க?"

"நிறுத்தலை தம்பி. இன்னும் பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."