கிழிசல் இலை

மலையடிவாரத்து மந்தாரப்பூண்டியில் இலை தைத்துப் பிழைத்தவர் சடைச்சியார். கணவர் கூத்தனார் மலையேறி மந்தாரை இலை பறித்து வருவார். இருவரும் ஈர்க்குக் கிள்ளிச் செருகிச் சாப்பாட்டு இலை தைப்பார்கள். அன்றைக்குத் தைத்ததில் பழுதில்லாத முதல் இலை ஊர்க்கோயில் பிச்சாண்டவருக்கு. நல்லவை சந்தைக்கு. கிழிசல் வீட்டுக்கு.

கூத்தனார் இடக்கைக்காரர். எல்லாரும் இடமிருந்து வலமாகத் தைத்தால் அவர் தையல் வலமிருந்து இடமாக ஓடும். பீச்சாங்கை தைத்த இலை சாமிக்கு ஆகாதென்று ஊர் தீர்த்துவிட்டதால், சாமி இலையை அம்மையாரே தைப்பார்.

"ஒரு நாளாச்சும் நான் தைச்ச இலையில அவரு சாப்பிட மாட்டாரா, சடைச்சி?" என்பார் கூத்தனார்.

"சாப்பிடுவாரு, போங்க. அவருக்கு என்ன, ஊர்க்காரங்க மாதிரி நாக்கு நீளமா?" என்பார் அம்மையார்.

மானியம் இல்லாத கோயில் அது. ஆகவே அந்த வீட்டில் உலை பகலில் மட்டுமே தங்களுக்காகக் கொதித்தது. கடுகு வெடித்த ஓசையை அக்கம்பக்கத்தார் கேட்டதில்லை. புதுத்துணி என்பது கல்யாணத்தன்று கட்டியதுதான். அந்திக்குத் தங்கள் வயிற்றுக்கு வேண்டிய அரிசி அன்னமாகி, முதல் இலையோடு கோயிலுக்குப் போகும். தாங்கள் உண்டால் அவர் பட்டினி என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

சிக்கனத்தில் அவர்களுக்கு மூத்தவர் கருவறையில்தான் இருந்தார். உடுக்க ஒரு தோல், பூச ஒரு பிடி சாம்பல், உண்ண ஒரு ஓடு. ஊர் அவரைக் கும்பிட்டது. அவரைப் போல வாழ்ந்தவர்களைக் கஞ்சப் பிசுநாறிகள் என்றது.

ஒரு மழைக்காலத்தில் கூத்தனாரை மலைக்காய்ச்சல் பிடித்தது. உடம்பு கூடாய்ப் போயிற்று. அந்திச் சோற்றை அம்மையார் அவர் வாயருகே கொண்டுபோனார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குப் போட்டுட்டா அவருக்கு என்ன பண்ணுவே? கொண்டு போ. ஆறிடப் போகுது."

கால் வரவில்லை. ஆனாலும் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது கூத்தனார் வாசலைப் பார்த்தபடி குளிர்ந்து கிடந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அழுதுகொண்டே பேசினார்கள். "புருசன் வாய்க்குப் போடாத சோத்தைக் கல்லுக்குப் படைச்சாளே, இவளெல்லாம் பொம்பளையா!" அந்தக் கல்லுக்கு ஒரு பருக்கையும் படைத்தறியாத வாய்கள் அவை. அம்மையார் காரியம் முடிந்ததும் தனியாக மலையேறினார். முதல் இலை வழக்கம்போலத் தைக்கப்பட்டது.

இந்தச் சமயத்தில்தான் கொடைக்கடல், தருமதுரை, சிவத்தொண்டர் திலகம் மருதாசலனார்க்குப் பக்தி வந்தது. பட்டங்களைச் சொல்லி முடிப்பதற்குள் கர்ப்பூரம் அணைந்துவிடும். ஆகவே செல்வர் என்றே வைத்துக்கொள்வோம். செல்வர் வெள்ளித்தட்டு ஒன்று செய்து, விளிம்பில் தம் பெயரை வெட்டி, மேளதாளத்தோடு கொண்டுவந்தார். பிச்சையெடுத்து உண்ணும் கடவுளுக்கு வெள்ளித்தட்டு!

"இனிமே படையல் நம்ம செலவு. புருசனைப் பட்டினி போட்ட கருமி கைச்சோறு உள்ள வரப்படாது" என்றார் செல்வர்.

வெள்ளி வந்ததும் திருடர் பயமும் வந்தது. தட்டைக் காட்டிய கையோடு பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி செல்வர் இடுப்பில். இறைவன் கை நீட்டுவதற்குள் படையல் இருட்டுக்குள் போய்விடும்.

அம்மையார் கோயில் வாசலில் நின்று குருக்களைக் கேட்டார்: "அவரு சாப்பிட்டாரான்னு மட்டும் சொல்லுங்க சாமி."

குருக்கள் தலைகுனிந்தார். "காட்டினேன், அம்மா."

அதன்பின்னும் அந்திதோறும் உலை வைத்தார் அம்மையார். சாமிக்கென்று பொங்கியதைத் தாம் தின்ன முடியாது. நல்ல இலையில் இட்டு வாசலில் வைப்பார், காக்கை கொத்தும்.

ஒரு மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், சாம்பல் பூசிய ஆண்டி ஒருவர் வாசலில் நின்றார்.

"பசிக்குது தாயி."

அம்மையார் நல்ல இலையை எடுத்தார். ஆண்டி, அம்மையார் உண்ண வைத்திருந்த கிழிசல் இலையைக் காட்டினார். "அது போதும். எனக்கு வீண்செலவு பிடிக்காது."

ஒரு பருக்கை விடாமல் உண்டார். பிறகு, "வீட்டுக்காரர் எங்கே?" என்றார்.

"போயிட்டாருங்க."

"சாப்பிட்டாரா?"

ஊர் ஏசியபோது வராத அழுகை அப்போது வந்தது. "இல்லீங்க சாமி. வெறும் வயித்தோட போயிட்டாரு. நாந்தான்..."

"அழாதே. என் வீட்டுல தினமும் அவர்தான் இலை தைக்கிறார். பந்தியில எனக்குப் பக்கத்து இலை அவருக்கு."

அம்மையார் நிமிர்ந்தபோது வாசலில் யாருமில்லை. கிழிசல் இலையும் இல்லை.

மறுநாள் காலை கருவறையைத் திறந்த குருக்கள் கூவினார். ஊர் கூடியது. பெட்டியைச் செல்வர் தம் கையால் திறந்தார். வெள்ளித்தட்டில் முந்தைய நாள் படையல் அப்படியே காய்ந்து கிடந்தது. பிச்சாண்டவர் முன்னே இரண்டு இலைகள், துடைத்தாற்போல் உண்ணப்பட்டு, அருகருகே இருந்தன. ஒன்று கிழிசல். மற்றது மரத்திலிருந்து அப்போதுதான் பறித்ததுபோல் பச்சை.

அம்மையாருக்கு வழி விட்டார்கள். அவர் குனிந்து பச்சை இலையை விரலால் தடவினார். தையல் வலமிருந்து இடமாக ஓடியது.

"சாப்பிட்டுட்டீங்களா?" என்றார் மெல்ல. யாரைக் கேட்டாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று முதல் படையல் மீண்டும் மந்தாரை இலைக்கே வந்தது. தம் வயிற்றைச் சுருக்கி ஆண்டவன் பந்தியை விரித்த சடைச்சியார் திருவடி நம் தலைமேலதாகுக.