செம்பி உடைக்காத முட்டை

கோழியும் கீரியும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எந்தக் குஞ்சும் தானாக முட்டையை விட்டு வந்ததில்லை. முட்டை ஓடு அப்போது கல்போல இருக்கும். கீரியின் பல்கூட அதில் வழுக்கிவிடும். பெற்றவளின் அலகு பட்டால் மட்டுமே வெளியிலிருந்து அது உடையும். பதினைந்தாம் நாள் வாக்கில் உள்ளே அசைவு கேட்டதுமே தாய் பொறுக்கமாட்டாமல் கொத்தித் திறந்துவிடுவாள். கண் திறக்காத, ரோமம் முளைக்காத, நிற்கத் தெரியாத செக்கச்சிவந்த குஞ்சுகள் வந்து விழும்.

கிளிக்கு அதனால் ஒன்றும் மோசமில்லை. அதன் பொந்து இலுப்பை மரத்தின் உச்சியில் இருந்தது. செம்பி என்ற கோழிக்கு உடம்பு கனம். அத்தனை உயரம் பறக்க வராது. அதே மரத்தின் வேரிடுக்கில்தான் அவள் அடைகாத்தாள். மூன்று முறை பொரித்தாள். மூன்று முறையும் கீரி வந்தது. ஒரு குஞ்சு மிஞ்சவில்லை.

நான்காம் முறை எட்டு முட்டை. பதினைந்தாம் நாள் உள்ளே அசைந்தது. செம்பி கொத்தவில்லை.

மேலே தன் முட்டைகளை அன்று காலைதான் உடைத்து முடித்திருந்த பச்சைக்கிளி எட்டிப் பார்த்தது. "ஏண்டி செம்பி, உள்ளே புள்ளைங்க அழுவுது, நீ பாட்டுக்கு உட்கார்ந்திருக்கே?"

"அழட்டும்க்கா. ஓடத் தெரிஞ்ச பிறகு வெளியே வந்தாப் போதும்."

"பொறந்த அன்னிக்கே ஓடுறதா? கேட்டாச் சிரிப்பாங்கடி."

புதரோரம் படுத்திருந்த கீரி நிஜமாகவே சிரித்தது. "என்ன செம்பி, இந்தத் தடவை விருந்து தள்ளிப்போகுது? பரவாயில்ல, எனக்கொண்ணும் அவசரமில்ல. தினம் ஒரு நடை வந்து பார்த்துக்கறேன்."

சொன்னபடியே வந்தது. செம்பி முட்டைகளைப் புரட்டிவிட்டு, வயிற்றுச் சூட்டை இறக்கி உட்கார்ந்தாள்.

"அம்மா, இருட்டா இருக்கு. உடைம்மா" என்றது மூத்த குஞ்சு, ஓட்டுக்குள்ளிருந்து.

"இருக்கட்டும். வெளிச்சத்துல கீரி இருக்கு. முதுகுல ஏதாவது தட்டுப்படுதா?"

"ஈரமா என்னமோ ஒட்டுது."

"அதுதான் ரோமம். காலை உதைச்சுப் பாரு."

"மடங்கிக் கிடக்கும்மா."

"மடங்கினபடியே உதை. நாளைக்கு இன்னும் பலமா உதை."

பத்தொன்பதாம் நாள், "மஞ்சள் கருவை முழுசா உள்ளே இழுத்துக்குங்க. மிச்சம் வைக்காதீங்க. வெளியே வந்தா ரெண்டு நாளைக்கு இரை தேட முடியாது" என்றாள். இருபதாம் நாள், "இனி தட்டுங்க" என்றாள்.

எட்டு முட்டைக்குள்ளும் குஞ்சுகள் தட்டின. பகல் போயிற்று, ஓடு அசையவில்லை.

"வலிக்குதும்மா. அலகே தேஞ்சுபோகுது. நீ ஒரு கொத்து கொத்தினா என்ன?"

செம்பியின் தலை தானாக எழுந்தது. ஒரே கொத்துதான். ஆனால் அந்த ஒரு கொத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்பதை அவள் மூன்று முறை பார்த்திருந்தாள். எழுந்த அலகை இலுப்பை வேரில் ஓங்கிக் குத்தினாள். வேரைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை.

"கல்லு மனசுடி உனக்கு" என்றது கிளி.

வேரைக் கவ்விய வாயோடே, "கல்லாவே இருக்கட்டும்க்கா" என்றாள் செம்பி.

தட்டித் தட்டி, மண்வெட்டி பிடித்த கையைப் போலக் குஞ்சுகளின் அலகு நுனி காய்த்தது. வெள்ளையாக, குருணை அளவு காய்ப்பு. இருபத்தோராம் நாள் விடிந்தபோது அந்தக் காய்ப்புப் பட்டு ஓடு விரிந்தது. மூத்தது ஈரத்தோடு வந்து விழுந்தது. கண் திறந்திருந்தது. பின்னாலேயே ஆறு வந்தன. வெயிலேற மேல் காய்ந்து பஞ்சாகி நின்றன.

கீரி வழக்கம்போல வந்தது. செம்பி ஒரு குரல்தான் கொடுத்தாள். ஏழும் ஏழு திசையில் ஓடிப் புதருக்குள் புகுந்தன. எதைத் துரத்துவதென்று தெரியாமல் கீரி நடுவில் நின்றது. "பொறந்து அரைநாள் ஆகல, ஓடுதுங்களே!" என்று முனகிக்கொண்டே போய்விட்டது.

எட்டாவது முட்டைக்குள் தட்டல் இன்னும் கேட்டது. செம்பி திரும்ப வந்து உட்கார்ந்தாள். "தட்டுடா. ஓட்டை உடைக்கிற பலம் வந்தாத்தான் ஓடுற பலமும் வரும். நான் இங்கதான் இருக்கேன்." மறுநாள் தட்டல் மெலிந்தது. பிறகு நின்றது. அவள் காதை ஓட்டில் வைத்துக் கேட்டாள். மறுபடி கேட்டாள்.

மூன்றாம் நாள் மற்ற ஏழும் பசியில் கத்தின. அவற்றின் அலகிலிருந்த காய்ப்பு, வேலை முடிந்ததென்று உதிர்ந்திருந்தது. கொண்டுவந்த மஞ்சள் கருவும் தீர்ந்திருந்தது.

செம்பி எழுந்தாள். இன்னும் சூடு ஆறாத அந்த முட்டையை ஒருமுறை புரட்டி வைத்தாள். பிறகு மண்ணைக் கீறி, "வாங்க, இங்க இரை இருக்கு" என்று முன்னால் நடந்தாள்.

இன்றைக்கும் கிளிக்குஞ்சு பொந்துக்குள் கண் திறக்கவே நாளாகிறது. கோழிக்குஞ்சோ அன்று முதல் இருபத்தோரு நாள் பொறுத்து, தன் ஓட்டைத் தானே உடைத்து, அன்றைக்கே ஓடுகிறது. தாய்க்கோழியும் பொரியாத முட்டையை விட்டு எழுந்து, பொரித்தவற்றோடு நடந்துவிடுகிறது.